‘தெய்வச் செயல்’: ஒரு சட்டச் சொல்லும் சிவகாசி மின்னலும்

ஆங்கிலச் சட்ட நூல்களில் நெடுங்காலமாக ஆளப்பெற்றுவரும் தொடர் ஒன்று, தமிழில் ‘தெய்வச் செயல்’ எனவும் ‘கடவுட் செயல்’ எனவும் சொல்லுக்குச் சொல்லாகப் பெயர்க்கப்பட்டு வழங்குகின்றது. மனிதர் கை சிறிதும் கலவாததும், முன்னறிந்து காக்க இயலாததுமாகிய இயற்கை நிகழ்ச்சி ஒன்றால் ஒருவனுக்குக் கேடு விளைந்தால், அக்கேட்டிற்குப் பிறன் ஒருவனைப் பொறுப்பாளி ஆக்குதல் முறையன்று என்பது அத்தொடரின் கருத்து. பெருவெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம், இடிவீழ்ச்சி முதலியன இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கூறப்பெறும். கருத்து எளிதாகத் தோன்றினும், சொல்லும் பொருளும் தமிழில் பொருந்தி நிற்கவில்லை. அப்பொருந்தாமை ஏட்டளவில் நின்றுவிடுவதும் அன்று. விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களின் உரிமையைத் தொடுகின்ற அதனை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் நம் மக்களின் வழக்கை நோக்குவோம். “வண்டி கவிழ்ந்தது, தெய்வாதீனமாக எல்லாரும் பிழைத்தார்கள்” என்கின்றோம். “தெய்வச் செயலாக அந்நேரத்தில் அவர் அங்கே வந்து சேர்ந்தார்” என்கின்றோம். இவ்விரு சொற்களும் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தலையும் எதிர்பாரா நன்மையையும் குறித்தே வருகின்றன. வீடு இழந்தவனும் மகனைப் பறிகொடுத்த தாயும் நடந்ததைத் தெய்வச் செயல் என்று சொல்லக் கேட்பது அரிது. ‘விதி’ என்பர், ‘தலையெழுத்து’ என்பர், ‘போதாத காலம்’ என்பர், கற்றோராயின் ‘ஊழ்’ என்பர். எனவே, ஆங்கிலச் சட்டம் கேட்டைக் குறித்து வழங்கும் தொடரை நாம் காப்பைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்திருக்கின்றோம்.

கேட்டைக் குறிக்கும் நம் சொற்களை எடுத்தாளலாமே எனின், அவையும் பொருந்தமாட்டா. விதி என்னும் சொல் இயற்கை, மனிதர் என்ற வேறுபாட்டை அறியாது. சுவரைப் பழுதுபாராது விட்டவனது மடியினால் சுவர் இடிந்து ஒருவன் மாண்டாலும் அது விதியே. வானத்திலிருந்து இடி விழுந்து மாண்டாலும் அதுவும் விதியே. சட்டமோ இவ்விரண்டையும் பிரிப்பதற்கென்றே அத்தொடரைப் படைத்துக்கொண்டது. செய்தித்தாள்களில் பெருகிவரும் ‘இயற்கைச் சீற்றம்’ என்பதும் இக்குறையை உடையதே. ஐப்பசியில் வழக்கம்போற் பெய்யும் அடைமழையும் அங்கே சீற்றமாகிவிடுகின்றது.

இனி, இத்தொடர் வந்த வழியைச் சிறிது காண்போம். இங்கிலாந்தில் கி.பி. 1581-இல் தீர்க்கப்பட்ட ஷெல்லி வழக்கின் குறிப்பிலேயே இது காணப்படுகின்றது. அங்கே குறிக்கப்பட்டது புயலும் அன்று, வெள்ளமும் அன்று; வழக்கில் தொடர்புடைய ஒருவரின் இறப்பே. அதாவது, மனிதர் குறித்த நாளில் நிகழாத சாவே முதலில் இப்பெயரைப் பெற்றது. பின்னர்ச் சரக்கு ஏற்றிச் செல்வோரின் பொறுப்புப் பற்றிய வழக்குகளில் தொடர் வளர்ந்தது.

அவற்றுள் 1785-ஆம் ஆண்டு வழக்கொன்று நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. மதுவடிப்பதற்குப் பயன்படும் ஒருவகை உலர்ந்த பூ மூட்டைகளை ஒரு வண்டிக்காரர் ஏற்றிச் சென்றார். வழியில் அவை தங்கியிருந்த இடத்திற்கு ஏறத்தாழ நூறு கசத்துக்கு அப்பால் எங்கோ பற்றிய தீ பரவி வந்து மூட்டைகளை எரித்துவிட்டது. வண்டிக்காரர்மீது கவனக்குறைவு எதுவும் இல்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயினும் அவரே இழப்பைத் தர வேண்டும் எனத் தீர்ப்பாயிற்று. தீர்ப்புரைத்த மான்ஸ்பீல்டு பிரபு காட்டிய காரணம் சுருக்கமானது: அத்தீ மின்னலால் உண்டாகவில்லை, ஆகவே, எங்கோ ஒரு மனிதர் கையால் உண்டானதே. மனிதச் செயலுக்கு நேர்மாறானது எதுவோ அதுவே தெய்வச் செயல் என்பது அவர் கொள்கை. மின்னல் ஒன்றே தீயைத் தெய்வச் செயலாக்க வல்லது என்பது இதனாற் பெறப்படும். பிராங்கிளின் 1752-இல் மின்னலின் இயல்பை ஆராய்ந்து இடிதாங்கிக்கு வழி கண்டு அப்போது முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம். இடியைத் தாங்கும் கம்பி வந்த பின்னும் சட்டம் இடியைத் தெய்வத்தின் கணக்கிலேயே எழுதி வந்தது.

இடத்தையும் காலத்தையும் கடந்து நிற்கும் வரையறை 1864-இல் கிடைத்தது. கிளாஸ்கோ பிரபுவின் வழக்கில் வெஸ்ட்பரி பிரபு, மனித முன்னறிவால் காத்துக்கொள்ள முடியாததும், நிகழக்கூடும் என்று எண்ணிப்பார்க்க மனித விவேகம் கடமைப்படாததும் எனத் தெய்வச் செயலுக்கு இரண்டு அடையாளம் கூறினார். இரண்டாவது அடையாளம் உற்றுநோக்கத் தக்கது. நிகழ்ச்சி அரியதா என்று அது கேட்கவில்லை. அதனை எண்ணிப்பார்ப்பது ஒருவனது கடமையாக இருந்ததா என்றே கேட்கின்றது. அருமை என்பது நிகழ்ச்சியின் இயல்பு. கடமை என்பது மனிதனின் நிலை. ஒரே மழை ஒருவனுக்குத் தெய்வச் செயலாகவும் மற்றொருவனுக்கு ஆகாததாகவும் இருத்தல் கூடும் என்பது இதன் விளைவு.

அவ்வழக்கு ஸ்காட்லாந்து நாட்டது. அந்நாட்டுச் சட்டம் இக்கருத்தினை இலத்தீனில் ‘விதியால் வந்த கேடு’ எனப் பொருள்படும் தொடரால் வழங்கும் என்பதைத் தமிழ் மாணவர் அறிந்தால் மகிழ்வர். நம்மவர் ஊழ் என்றதை அவர்களும் ஏறத்தாழ அப்பெயராலேயே அழைத்திருக்கின்றனர். ஆனால் அவ்வூழை அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. கிரீனாக்கு நகராட்சி சிறுவர் விளையாடுவதற்காக ஓடை ஒன்றின் போக்கை மாற்றிக் குளம் அமைத்தது. வழக்கத்திற்கு மாறான பெருமழையில் நீர் வழிந்து தெருவில் ஓடி, இருப்புப்பாதைக் கம்பெனிகளின் உடைமையைக் கெடுத்தது. இயற்கை வழியை மாற்றியவன் அம்மாற்றத்தின் விளைவுக்கு ஊழைக் காரணங்காட்டல் ஆகாது என 1917-இல் பிரபுக்கள் அவை முடிவு செய்தது. இதற்கு நாற்பத்தோராண்டு முன்னர், 1876-இல், நிக்கல்ஸ் - மார்ஸ்லாண்டு வழக்கில் செயற்கை ஏரிகள் உடைந்து நான்கு பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டபோது, யாரும் அறியாத அளவு மழை என்று சொல்லி உரிமையாளரை விடுவித்தனர். தெய்வச் செயல் என்னும் எதிர்வாதம் நிலைபெற்ற மிகச் சில வழக்குகளுள் இது ஒன்று. பிற்காலத்து நீதிபதிகள் இதனைப் பின்பற்றத் தயங்கினர்.

தமிழ்நாட்டு நிலத்தோடு தொடர்புடைய வழக்கொன்று இவ்விரண்டிற்கும் முந்தியது. அக்காலச் சென்னை மாகாணத்தில் அடங்கியதும் இன்று ஆந்திர மாநிலத்துச் சித்தூர்ப் பகுதியில் உள்ளதுமாகிய கார்வேட்டிநகர ஜமீனில், பெருமழையால் ஏரிகள் உடைந்து சென்னை இருப்புப்பாதைக் கம்பெனியின் பாதையையும் பாலங்களையும் கெடுத்தன. கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குத் தொடுத்தது. இங்கிலாந்தில் 1868-இல் முடிந்த ரைலண்ட்ஸ் - பிளெட்சர் வழக்கே அதன் படைக்கலம். தன் நிலத்தில் கேடு பயக்கும் பொருளைக் கொணர்ந்து சேர்த்து வைப்பவன், அது தப்பிச் சென்று பிறர்க்குச் செய்யும் கேட்டிற்குத் தன் பிழை இல்லாவிடினும் பொறுப்பாவான் என்பது அவ்வழக்கின் நெறி. தெய்வச் செயல் ஒன்று நேர்ந்தால் மட்டும் அவனுக்கு விலக்கு உண்டு.

இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1874-இல் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும், மழை தெய்வச் செயல் என்பது தீர்ப்பின் அடிப்படை அன்று. ஏரி என்பது இந்நாட்டில் ஒருவன் தன் ஊதியத்திற்காகக் கொணர்ந்து சேர்த்த பொருள் அன்று. நினைவுக்கு எட்டாக் காலந்தொட்டு வரும் பொது நீர்ப்பாசன அமைப்பின் உறுப்பு. ஜமீன்தார் அதனைத் தூர்த்துவிடும் உரிமை உடையவர் அல்லர். காத்து நிற்கும் கடமை உடையவர். ஆதலின், அவரிடம் கவனக்குறைவு இருந்ததெனக் காட்டினாலன்றி அவர் பொறுப்பாகார் என்பதே முடிபு. கலிங்கும் மடையும் கரையும் குடிமராமத்தும் நேரில் கண்டறியாத நீதிபதிகள், அவற்றின் உயிர்நிலையை இவ்வளவு தெளிவாக உணர்ந்து எழுதினர் என்பது வியப்பிற்குரியது. நம் நாட்டு நீர்நிலை வரலாறு எழுதுவோர் இத்தீர்ப்பை உரிய அளவு பயன்படுத்திக்கொண்டதாகத் தெரியவில்லை.

இவ்வழக்கை ஈண்டு விரித்துரைத்தற்குக் காரணம் உண்டு. கண்மாய்க்குக் கிடைத்த இச்சலுகை பட்டாசுச் சாலைக்கும் கிடைக்குமா என்னும் வினாவிற்கு அதுவே விடை தருகின்றது. கண்மாய் உயிர்வாழ்க்கைக்கு இன்றியமையாதது, ஊர்ப் பொது, வழிவழி வந்தது. வெடிமருந்துச் சாலை ஒருவர் உரிமம் பெற்று ஊதியம் கருதி நடத்துவது. முன்னதற்குரிய நெறி பின்னதற்குச் செல்லாது.

விடுதலைக்குப் பிற்பட்ட இந்திய வழக்குகளுள் மூன்றினை மட்டும் குறிப்போம். மழையில் சுவர் இடிந்து குழந்தைகள் இருவர் மாண்ட வழக்கொன்று 1958-இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. அன்று பெய்தது 2.66 அங்குலம். மழைக்காலத்தில் இவ்வளவு மழை எதிர்பார்க்கத் தக்கதே எனக் கூறித் தெய்வச் செயல் என்னும் வாதத்தை நீதிமன்றம் தள்ளிற்று. கேரள உயர் நீதிமன்றம் 1971-இல், லாரியில் சென்ற சரக்கைக் கலகக் கும்பல் கொள்ளையிட்டது தெய்வச் செயல் ஆகாது என்றது. தடுக்க முடியாததாயினும் அது மனிதர் செயல். உச்ச நீதிமன்றம் 2016-இல் குஜராத்து வழக்கொன்றில், கனமழையால் அணையினின்று திறந்துவிடப்பட்ட நீர் தோட்டத்தை அழித்தபோது அரசு கூறிய இவ்வாதத்தை ஏற்கவில்லை. மழை இயற்கையாயினும் மதகைத் திறந்தது மனிதர் கை அன்றோ!

இனி விருதுநகர் மாவட்டத்திற்கு வருவோம். 1985-இல் பழைய இராமநாதபுர மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாகிய இந்நிலம் வறண்டது. கரிசலும் செம்மண்ணும் விரவியது. ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் அளவிற்றே. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர் என்பது யாவரும் அறிந்த வரலாறு. அவர்கள் தொடங்கிய தொழில் இங்கே வேரூன்றியதற்குப் பஞ்சமும் வேலையின்மையும் ஒருபுறம் காரணமாக, மறுபுறம் இவ்வறண்ட காற்றே காரணமாயிற்று. குச்சியும் மருந்தும் விரைந்து உலர இதனினும் ஏற்ற இடம் இல்லை. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமமுறை ஏற்பட்டபின் பட்டாசுத் தொழிலும் இங்கே நிலைத்தது.

இதனால் ஓர் உண்மை விளங்கும். இவ்வூர்த் தொழில் வானிலையைத் தேர்ந்து வந்த தொழில். வெயில் இத்தனை நாள் அடிக்கும், மழை இத்தனை நாள் பெய்யும் என்னும் கணக்கே அதன் முதல். சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு இடி மின்னல் வரும் என்பதும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும் என்பதும், தீபாவளிக்கு முன்னர் உலர்தளத்தில் சரக்குக் கிடக்கும் நாளும் மழை வரும் நாளும் ஒன்றையொன்று நெருங்கும் என்பதும் இங்குள்ள சிறு பிள்ளையும் அறிந்தவை. வானிலையின் நன்மையைக் கணக்கிட்டுக்கொண்டவர் அதன் தீமை மட்டும் கணக்கில் வாராதிருந்தது எனக் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஈரத்தையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். தொழிலாளர் ‘மருந்து’ என வழங்கும் கலவைகளுள் அலுமினியப் பொடி சேர்ந்தவை ஈரம் பட்டால் மெல்லச் சூடேறும். வெப்பம் வெளியேற வழியின்றிக் குவிந்து கிடப்பின் தாமே பற்றும். இதனைத் தடுக்கப் போரிக் அமிலம் சிறிதளவு சேர்க்கும் வழக்கம் உண்டு என்பதே, ஈரத்தால் வரும் இடர் முன்னரே அறியப்பட்டது என்பதற்குச் சான்று. இரவு பெய்த மழையால் மருந்து பற்றியது என்று கூறின், மழை இயற்கை. மீந்த மருந்தை இரவில் வைத்திருந்தது இயற்கை அன்று.

மின்னலுக்கு வருவோம். பட்டாசுச் சாலையில் மின்னல் தாக்கி வெடித்தது என்னும் செய்தி இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. அத்தகைய செய்தியில் ‘இயற்கை’ என்னும் சொல் இடம்பெற்றவுடன், இழப்பீடு யார் தருவது என்னும் வினா கேட்பாரின்றி அடங்கிவிடுகின்றது. மான்ஸ்பீல்டு பிரபுவின் கூற்றை அப்படியே கொண்டால் மின்னலால் வந்த தீ தெய்வச் செயலே. ஆனால் வெஸ்ட்பரி பிரபு கூறிய இரண்டாம் அடையாளத்தை வைத்துப் பார்க்க வேண்டும். மின்னல் விழக்கூடும் என எண்ணிப்பார்ப்பது அச்சாலையை நடத்துபவரின் கடமையா, அன்றா?

கடமையே என்பதற்கு வெடிபொருள் விதிகளே சான்று. 1884-ஆம் ஆண்டு வெடிபொருட் சட்டத்தின்கீழ் 1940-இலும், பின்னர் 1983-இலும், இறுதியாக 2008-இலும் விதிகள் இயற்றப்பட்டன. வெடிபொருள் வைக்கும் கட்டடத்திற்கு இடிதாங்கி வேண்டும் என்கின்றது இவ்விதிமுறை. இடியுடன் கூடிய மழை நெருங்கும் அறிகுறி தோன்றினால் வேலையை நிறுத்தி, உள்ளிருப்போரைப் பாதுகாப்பான தொலைவிற்கு அகற்ற வேண்டும் என்கின்றது. இவ்வட்டாரத்தார் ‘நாக்பூர் உரிமம்’ என வழங்குவது இவ்விதிகளின்கீழ்த் தரப்படும் உரிமங்களுள் ஒன்றே. வெடிபொருட் கட்டுப்பாட்டுத் துறையின் தலைமையிடம் நாக்பூரில் இருத்தலால் அப்பெயர் பெற்றது. உரிமத்தை வாங்கிக் கையெழுத்திட்டவர், மின்னல் வரும் என்பதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டவர் ஆகின்றார். எழுதி வைக்கப்பட்ட முன்னறிவு இருக்கும்போது ‘முன்னறிய இயலாதது’ என்னும் வாதத்திற்கு இடம் ஏது? தெருவில் நடப்பவன்மீது விழும் மின்னல் தெய்வச் செயலாகலாம். உரிமம் பெற்ற மருந்தறையின்மீது விழும் மின்னல் அவ்வாறாதல் இல்லை. இதுவே இக்கட்டுரையில் நாம் நிறுவ விரும்பும் கருத்து.

இடிதாங்கி முறையாக நிறுவப்பட்டு, வேலையும் நிறுத்தப்பட்டு, ஆட்களும் அகன்றபின் மின்னல் தாக்கினால் என் செய்வது என்று வினவலாம். அந்நிலையில் கட்டடம் போகும், உயிர் போகாது. உயிர் போயிற்று எனின், உள்ளே ஆள் இருந்தது எவ்வாறு என்பதே முதல் வினா. மேலும், முன்னறிவின் எல்லை நாளுக்கு நாள் விரிகின்றது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலி, சுற்றுவட்டத்தில் மின்னல் நெருங்குவதை முன்கூட்டி எச்சரிக்கின்றது. முன்னறிவு விரிய விரியத் தெய்வச் செயலின் எல்லை சுருங்குதல் இயல்பு.

சட்டமும் இதற்குள் மற்றொரு வழியாக அவ்வெல்லையைக் குறுக்கிவிட்டது. தில்லியில் ஸ்ரீராம் தொழிற்சாலையினின்று 1985 டிசம்பரில் அமிலப் புகை கசிந்த வழக்கில், தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான ஆயம் 1986 டிசம்பர் 20-இல் புதிய நெறி ஒன்றை வகுத்தது. இயல்பிலேயே பேரிடர் பயக்கும் தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் கேட்டிற்கு முழுப்பொறுப்பாளர். ரைலண்ட்ஸ் வழக்கு வகுத்த விலக்குகளுள் எதுவும், தெய்வச் செயல் உட்பட, அவர்க்கு இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றமே இதனை வலியுறுத்திற்று. பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991-இல் வந்தது. பிழையை மெய்ப்பிக்காமலே நிவாரணம் தருவது அதன் நோக்கம். அச்சட்டம் ‘விபத்து’ என்பதற்குத் தரும் வரையறையில் போரால் வந்ததும் கதிரியக்கத்தால் வந்ததும் விலக்கப்பட்டுள்ளன. மின்னலும் வெள்ளமும் விலக்கப்படவில்லை. சட்டம் இயற்றியோர் அறியாமல் விட்டது அன்று இது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டமும் 2010-இல், விபத்துகளில் பிழையிலாப் பொறுப்பு நெறியைக் கைக்கொள்ளுமாறு தீர்ப்பாயத்தைப் பணித்தது.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த வெடிவிபத்துகள் மின்னலால் நிகழ்ந்தவை அல்ல. முன்னதில் நாற்பதை ஒட்டியும், பின்னதில் இருபதின் மேலும் உயிர்கள் மாண்டன. அச்சங்குள விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து எடுத்து, மாண்டோர் குடும்பத்திற்குத் தலைக்கு 20 இலட்சம் ரூபாய் என இழப்பீடு வகுத்தது. உரிமம் ஒருவர் பெயரிலும் தொழில் மற்றொருவர் கையிலும் இருக்கும் உள்குத்தகை முறை இவ்வட்டாரத்தில் நெடுநாளாகப் பேசப்படும் குறை. இழப்பீட்டுத் தொகையை வகுப்பதினும் அதனைத் தரவேண்டியவர் யார் எனக் காண்பது கடினமாவது இதனாலேயே. அது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிழையிலாப் பொறுப்பு சாலைக்கு வெளியே உள்ளோர்க்கே உரியது. தொழிலாளர் அதனின்றும் விலக்கப்பட்டுள்ளனர். அவர்க்கெனத் தனிச்சட்டம் 1923 முதல் இருந்தமையே காரணம். வேலையின்போது, வேலையின் காரணமாக விளைந்த விபத்திற்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்னும் அந்நெறி, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது. ‘வேலையின்போது’ என்பது எளிது. ‘வேலையின் காரணமாக’ என்பதே சிக்கல். மின்னல் எல்லார்க்கும் பொது. அது வேலையின் காரணமாக வந்தது என்று எவ்வாறு கூறுவது?

இவ்வினா அயல்நாட்டில் முன்னரே எழுந்தது. தரையினின்று 23 அடி உயரச் சாரத்தில் நின்று செங்கல் அடுக்கிய கொத்தர் ஒருவர் மின்னல் தாக்கி மாண்டார். உயரத்தில் நின்றமையால் அவர்க்குப் பிறரினும் மிகுதியான இடர் இருந்தது எனக் கொண்டு, 1904-இல் இங்கிலாந்து நீதிமன்றம் இழப்பீடு வழங்கிற்று. சாலையில் வேலை செய்த அயர்லாந்துத் தொழிலாளி ஒருவர் மின்னலால் மாண்டபோது, வழிப்போக்கர்க்கு உள்ள இடரே அவர்க்கும் இருந்தது எனக் கூறி 1908-இல் மறுக்கப்பட்டது. தீர்ப்புகள் முரண்படுவனபோலத் தோன்றினும் அளவுகோல் ஒன்றே. அவ்வளவுகோலால் மருந்தறையை அளந்து பார்ப்போம். மின்னல் தாக்கிய வேப்பமரத்தடியில் நின்றவனைக் கொல்வது மின்னல். மருந்து செலுத்தும் அறையிலிருந்த பெண்ணைக் கொல்வது மின்னல் அன்று; மின்னலாற் பற்றிய மருந்து. மருந்தின் நடுவே அவர் அமர்ந்திருந்தது வேலையின் காரணமாகவே. சாரத்தின் உயரத்தைவிட இத்தொடர்பு நெருங்கியது.

இவ்விடத்தில் நம் இலக்கியத்தையும் சிறிது நினைத்தல் தகும். ஊழை இவ்வளவு ஆழமாக எண்ணிய மொழியில், பொறுப்பைத் தட்டிக்கழிக்க ஊழைத் துணைக்கொள்ளும் மரபு இருந்திருக்குமோ என ஐயுறலாம். வள்ளுவர் ஊழைப் பற்றிய அதிகாரத்தை அறத்துப்பாலின் இறுதியில் வைத்தார். பொருட்பாலில் முன்னறிந்து காக்கும் அறிவையும் ஆள்வினையையும் தனித்தனி அதிகாரங்களில் வைத்தார். அரசும் தொழிலும் பற்றிய பாலில் ஊழுக்கு அதிகாரம் இல்லை என்பது எண்ணத்தக்கது. சிலப்பதிகாரமோ ஊழ்வினையைத் தன் மூன்று கருத்துகளுள் ஒன்றாகப் பதிகத்திலேயே அறிவித்துக்கொண்ட நூல். கோவலன் கொலையுண்டதற்கு முற்பிறப்புக் காரணமும் கூறும் நூல் அது. ஆயினும், கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது பாண்டியன் ஊழை எடுத்துக்காட்டித் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. பிழை தன்னதே என ஏற்று வீழ்ந்தான். இழந்தவர்க்கு ஆறுதலாக ஊழ் சொல்லப்படலாம்; இழப்பிற்குக் காரணமானவர் வாயிலிருந்து அது வருதல் நம் மரபில் இல்லை. ‘தலையெழுத்து’ என்று மாண்டவரின் தாய் சொல்வதும் உரிமக்காரர் சொல்வதும் ஒன்றாகா.

கலைச்சொல் பற்றி ஒரு கருத்து. ‘தெய்வச் செயல்’ என்பதைச் சட்டத் தமிழினின்றும் விலக்குதல் வேண்டும் என்றே நாம் கருதுகின்றோம். ‘பேரிடர்’ என்பதையும் இதற்கு ஈடாக ஆளுதல் கூடாது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்கையால் வருவதோடு மனிதராலும் விபத்தாலும் கவனக்குறைவாலும் வருவதையும் பேரிடர் என்றே வரையறுக்கின்றது. ‘காத்தற்கரிய இயற்கை நிகழ்வு’ என்பது சற்று நீண்டதாயினும் சட்டத்தின் கருத்தை நிறைவாகத் தரும். ‘காத்தற்கரிய’ என்னும் அடை இருப்பதனால், காத்தற்கு என்ன செய்தாய் என்னும் வினா சொல்லிலேயே அடங்கியிருக்கும். ‘தெய்வச் செயல்’ என்றால் அவ்வினா எழாது.

இவ்வாறு விலக்கப்பட்ட எதிர்வாதம் முற்றும் இறந்துபடவில்லை. உயிர்க்கேட்டிற்கு வெளியே அதற்கு இன்னும் இடம் உண்டு. தீபாவளிக்கு அனுப்பிய சரக்கு வெள்ளத்தால் உரிய நாளிற் சென்று சேராதபோது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, செய்ய இயலாததாகிவிட்ட ஒப்பந்தத்தினின்றும் விடுதலை தரும். 1989-ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டம் சரக்கிழப்பிற்கு விலக்காகும் காரணங்களுள் இதனையும் வைத்துள்ளது. தீக்காப்பீட்டிலோ நிலை தலைகீழாகின்றது. மின்னலும் புயலும் வெள்ளமும் அங்கே பணம் கொடுப்பதற்குரிய காரணங்களாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டுள்ளன. ஒரே சாலையில் விழுந்த ஒரே மின்னலைக் காட்டி உரிமையாளர் கட்டடத்திற்குக் காப்பீட்டுத் தொகை பெறுகின்றார். அம்மின்னலையே காட்டி உள்ளிருந்து மாண்டவரின் குடும்பத்திற்கு மறுக்க முற்படுகின்றார். இவ்விரு தாள்களும் ஒரே வழக்குக் கட்டில் அருகருகே வைக்கப்படுமாயின், இரண்டாவது தாளைப் படிக்கும் நீதிபதி முதலாவதையும் புரட்டிப் பார்க்க இடமுண்டு.